பம்பளிமாஸ் கூடையோடு வந்த பதில்

கர்த்தருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காப்பித் தம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை. இதில் என்ன அதிசயம் என்று நினைக்காதீர்கள். போன வருஷம் இதே கையால் ஒரு சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை.

நான் ஸ்ரீவைகுண்டத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன். வாழைத் தோட்டத்து பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் என் கடைக்குத்தான் வரும். மூன்று வருஷத்துக்கு முன் என் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. டயாலிசிஸ் செய்து செய்து கருவாடாக நான் காய்ந்திருந்த நாளில், என் மனைவி எஸ்தர் தன்னுடையதில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள்.

"எனக்குத்தான் ரெண்டு இருக்குல்லா, உங்களுக்கு ஒண்ணு தாரேன்" என்றாள். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுக்கிறவள் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான்தான் அழுதேன்.

வெளியிலிருந்து வந்த உறுப்பை உடம்பு சும்மா விடாது, தாக்கும். அதைத் தடுக்கக் காலையும் இரவும் மாத்திரை உண்டு. ஒரு வேளையும் தவறவிட்டதில்லை. நாட்டு மருந்து தொடக் கூடாது என்றார்கள். கஷாய வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

போன வருஷம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. உங்களுக்குத் தெரியும், அவரவர் நிலத்தில் விளைந்ததைக் காணிக்கையாகப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் நடக்கும். நெல், வாழைத்தார், கோழி எல்லாம் இருந்தன. கனகமணி அக்காள் ஒரு கூடை பம்பளிமாஸ் வைத்திருந்தார்கள். மணிமுத்தாறு அடிவாரத்தில் அவர்கள் தம்பிக்குத் தோட்டம் இருக்கிறது. நான் விடாப்பிடியாகக் கேட்டு அந்தக் கூடையை எடுத்தேன். பீடத்தில் வைத்து ஜெபித்த பழம் அல்லவா? தினமும் காலையில் மாத்திரை போட்டதும் ஒரு ஸ்தோத்திரம், பிறகு அரைப் பழம். கூடை தீர்ந்தபோது அக்காளே மறுபடி கொடுத்துவிட்டார்கள். ஆசீர்வாதத்தைச் சாப்பிட டாக்டரிடம் யாராவது அனுமதி கேட்பார்களா?

சில வாரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. காயில் கம்பியை நேராகப் பிடிக்க முடியவில்லை. தலைவலி, வாந்தி. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய உப்புச் சத்து ரத்தத்தில் ஏறியிருந்தது. அன்றே படுக்கை போட்டுவிட்டார்கள்.

"உடம்பு கிட்னியைத் தள்ளப் பாக்குதோன்னு சந்தேகமா இருக்கு. ரத்தத்துல மாத்திரை அளவு பாக்கிற டெஸ்ட் வெளியில போயிருக்கு, வர நேரமாகும். நாளைக்கு ஊசி விட்டு கிட்னியில ஒரு துணுக்கு எடுத்துப் பாத்திருவோம்" என்றார் டாக்டர் அம்மா.

எனக்கு உலகமே இருண்டது. என் உயிர் போவது பற்றிக்கூட பயமில்லை. எஸ்தர் கொடுத்ததை நான் கெடுத்துவிட்டேனே! அவளிடம் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அன்று மத்தியானம் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, இது என்னுடையது இல்லை, அவளுடையது. இதைக் காப்பாற்றும். காரணம் என்ன என்று காட்டும்." வேறு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

போர்வையை விலக்கினால் எதிரே கனகமணி அக்காள் நிற்கிறார்கள். சபையிலிருந்து விசாரிக்க வந்திருந்தார்கள். கையில் ஒரு கூடை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா?

"பைய எந்திரிச்சு ஒரு சுளை தின்னுங்க தம்பி. வாய்க்கு நல்லா இருக்கும்" என்று பழத்தை உரித்தார்கள். அந்த நேரம் பார்த்து டாக்டர் அம்மா உள்ளே வந்தார். பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதையா சாப்பிடுதீங்க?"

"ஆமா டாக்டர். தினமும்."

"எப்போ இருந்து?"

"அறுப்பின் பண்டிகையில இருந்து."

டாக்டர் அம்மா அக்காள் கையிலிருந்த சுளையை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நம்முடைய குடலிலும் ஈரலிலும் உள்ள செல்களுக்குள் ஒரு நொதி இருக்கிறதாம். நான் விழுங்கும் மாத்திரையில் பெரும் பங்கை அது சிதைத்துவிடுமாம். அந்தச் சேதாரத்தையும் கணக்கில் வைத்துத்தான் எனக்கு மாத்திரை அளவு எழுதியிருக்கிறார்கள். இந்தப் பழம் அந்த நொதியை வேலை செய்ய விடாது. அப்போது மாத்திரை சிதையாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். காக்க வேண்டிய மருந்தே சிறுநீரகத்தை நோகடிக்கும், கையையும் நடுங்க வைக்கும்.

"ஐயோ, நான்லா இவரை இப்படி ஆக்கிட்டேன்!" என்று அக்காள் வாயில் முந்தானையை வைத்தார்கள்.

"பழம் நல்ல பழம்தாங்க்கா. இவர் மாத்திரைக்குத்தான் ஆகாது. நீங்க இப்போ வரலைன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காதே" என்றார் டாக்டர் அம்மா.

மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. மருந்தின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. துணுக்கு எடுப்பதைத் தள்ளிவைத்தார்கள். பழத்தை நிறுத்தி, மாத்திரையையும் குறைத்தார்கள். நாளுக்கு நாள் உப்பு இறங்கியது. கை நடுக்கம் நின்றது. எஸ்தருடைய சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்லேலூயா! வீட்டுக்குப் புறப்பட்ட அன்று என் சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் நானே போட்டேன். எஸ்தர் அதைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு ஓவென்று அழுதாள்.

கண்ணுக்கும் காலுக்கும் எத்தனையோ தடவை நன்றி சொல்லியிருக்கிறேன். ஒரு நொதிக்காக நன்றி சொன்னது அன்றுதான். இப்போது தினமும் சொல்கிறேன். எதைப் புதிதாகச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் கேட்கிறேன். கேட்டால் விசுவாசம் குறைந்துவிடாது என்று தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கலங்கிக் கிடக்கிறவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன், ஆண்டவரிடம் கேளுங்கள். அழகான வார்த்தை வேண்டியதில்லை. என் ஜெபத்துக்குப் பதிலை, அறியாமல் தொந்தரவு தந்த கையாலேயே அவர் கொடுத்தனுப்பினார்.

இந்த வருஷப் பண்டிகையிலும் கனகமணி அக்காளின் கூடை ஏலத்துக்கு வந்தது. சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் விடவில்லை, நானே ஏலம் எடுத்து எஸ்தர் மடியில் வைத்தேன். அவள் என் எதிரிலேயே உட்கார்ந்து, உரித்து உரித்துத் தின்றாள். எனக்கு ஒரு சுளைகூடத் தரவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!