யானை மிரளாத வேடிக்கை

பேசிக்கொண்டிருக்கும்போதே மொக்கைச்சாமியின் கண் வானத்துக்குப் போய்விடும். மழை வருமா என்று பார்க்கிறார் என நினைக்க வேண்டாம். எந்த இடத்தில் வாணப்பூ விரிந்தால் நம் தெருவுக்கு எடுப்பாக இருக்கும் என்று அளந்துகொண்டிருக்கிறார். சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அதே அளவுதான். புருவம் இரண்டும் கிடையாது. முளைக்கும், ஒரு திருவிழா வரும், கருகிப் போகும். சட்டையெல்லாம் பொறி பட்டுப் பொத்தல். புதுச்சட்டை போட்டால் அவருக்கே கூச்சமாக இருக்கும்.

பட்டாசு செய்வது அவர் தொழில் இல்லை. சிவகாசியில் சரக்கு வாங்கிவந்து, கோயில் கொடை விழாக்களில் மூங்கில் நட்டுக் கட்டி, வரிசை பிடித்துக் கொளுத்திக் காட்டுவதுதான். "சரக்கு எவன் வேணாலும் விப்பாண்ணே. நான் விக்கிறது கொளுத்துறத" என்பார். இதை அவர் எங்கள் ஊர் ஆமத்தூரில் சொன்னால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். வேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது பாதி போய்விட்டது. ரகசியம் சொல்ல அவர் குனிந்தால் நாங்கள் பின்னால் சாய்ந்துகொள்வோம்.

எந்த ஊரானாலும் முதலில் அம்மன் கோயில் இருக்கும் திசை பார்த்து ஒரு அதிர்வேட்டுப் போடுவார். அது அவளிடம் உத்தரவு கேட்பது. கேட்காமல் ஒரு திரியிலும் நெருப்பு வைத்ததில்லை. "இம்புட்டு மருந்துக்கு நடுவுல நிக்கிறவன் உசுரோட இருக்கேன்னா அந்த மொத வேட்டுத்தான்" என்பார்.

பங்குனியும் சித்திரையும் போனால் கூப்பிட ஆள் இல்லை. அப்புறம் விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடப் போவார். அவர் மனைவி கருப்பம்மாள் தீப்பெட்டி ஒட்டுவாள். இந்தச் சித்திரைக் கடைசியில்தான் விருதுநகர் சங்கரலிங்கம் அண்ணாச்சி காரில் வந்து இறங்கினார். கொழும்பில் கடை வைத்திருப்பவர்.

இலங்கையில் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் ஆடி மாதம் திருவிழாவாம். சிவகாசி வெடி ஏற்கெனவே அங்கே போகிறது. கொளுத்திக் காட்ட இங்கிருந்து ஆள் போனதில்லை. ஒரு தரம் நன்றாக அமைந்துவிட்டால் சுற்றுப்பட்டுக் கோயில்களும் கூப்பிடும். நம்மூரில் சும்மா கிடக்கிற மாதங்களில் அங்கே வேலை.

"ஒரே ஒரு கண்டிசன்" என்றார் அண்ணாச்சி. "ஊர்வலத்துல வரிசையா யானை வரும். வெடிச்சத்தமே கேக்கப்படாது."

"சத்தம் இல்லாமயா? தாலி கட்டாமப் பந்தி போடச் சொல்றீகளே அண்ணாச்சி!"

"பந்திக்கு மட்டுந்தான்யா கூப்புடுறாக. முடியுமா, முடியாதா?"

கதவுக்குப் பின்னாலிருந்து கருப்பம்மாள், "முடியும்னு சொல்லுங்க" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. வெளியே வந்து காதுக்குள் கத்தினாள். "முடியும்" என்றார்.

"வைகாசி கடைசியில வாரேன். கண்மாய்க்குள்ள கொளுத்திக் காட்டும். அதப் பாத்துட்டுத்தான் ஆர்டர்."

அண்ணாச்சி போன மறுநாளே வேலை ஆரம்பித்தது. வாங்கிவந்த சரக்கையே பிரித்து மருந்தை இளக்கி அடைத்தார். சீறுகிற குழலையெல்லாம் ஒதுக்கினார். கொளுத்திவிட்டு, "பாத்தீகளாண்ணே, சத்தமே இல்ல" என்பார். பக்கத்து வீட்டுப் பெத்தணனின் கோழிகள் அதற்குள் கூரை மேல் ஏறியிருக்கும். பிரச்சினை எங்கே என்று அவருக்கே விளங்கிவிட்டது. சத்தம் வந்ததா இல்லையா என்று தெரிய அவரிடம் காது இல்லை.

என் பேத்தி மாரித்தாய்க்கு நாலு மாதம். அவளைப் பற்றி எழுதச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. அவள் கண்ணைத் திறந்தால் எங்கள் வீட்டில் விளக்கு வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தொட்டிலில் கிடந்தவளை மொக்கைச்சாமி ஒருநாள் உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, யானைக்கும் பச்சப்பிள்ளைக்கும் காது ஒண்ணுதான். இவ முளிக்கலைன்னா அதுவும் மிரளாது."

"எம்பிள்ள என்ன யானைக்குட்டியா சித்தப்பா?" என்று என் மகள் பஞ்சம்மாள் சண்டைக்கு நின்றாள்.

"கோவிக்காதம்மா. கடல் தாண்டிப் போற சரக்கு. உம்மக பாத்துச் சரின்னாத்தான் போவும். எம்புட்டுப் பெரும!"

மகள் முறைத்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று முதல் பிள்ளை பால் குடித்துத் தூங்கியதும் தெருக்கோடியில் ஒரு சக்கரம் சுற்றும். கொளுத்திவிட்டு ஓடிவந்து என் முகத்தைப் பார்ப்பார். பிள்ளை சிணுங்கினால் நான் கையை விரிப்பேன். அந்தச் சக்கரம் தள்ளுபடி. வைகாசி முடியப் போகையில் அவர் வைத்த எதற்கும் அவள் அசைவதில்லை என்றானது.

சொன்னபடி அண்ணாச்சி வந்தார். காய்ந்த கண்மாய்க்குள் நாற்காலி போட்டோம். யானைக்குப் பதிலாகப் பெத்தணனின் உழவு மாடுகளை முளை அடித்துக் கட்டியிருந்தோம். நான் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாச்சி பக்கத்தில் நின்றேன். ஊரே கரையில் உட்கார்ந்து, "வெடி இல்லாத வேடிக்கைக்கு எதுக்குலே வந்தோம்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்தது. மொக்கைச்சாமி நுனியில் கங்கு கனன்ற கயிற்றோடு முதல் மூங்கிலுக்குப் போனார். கை திரிப்பக்கம் போய் நின்றுவிட்டது.

"என்னய்யா, கொளுத்தும்."

"உத்தரவு கேக்கலியே அண்ணாச்சி."

"அங்கன வந்தும் வேட்டுப் போட்டுத்தான் கேப்பீரா? யானை ஊரையே மிதிச்சிரும்யா!"

கருப்பம்மாள் கரையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "வாயால கேளுங்களேன். அம்மனுக்குக் காது நல்லாத்தான் இருக்கு!"

இது அவருக்குப் பிடித்திருந்தது. கோயில் பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் வாயருகே குவித்து, தம்மால் முடிந்த அளவு மெதுவாக, "டமார்!" என்றார்.

மாடுகள் முளையைப் பிடுங்கப் பார்த்தன. மாரித்தாய் உடம்பு தூக்கிவாரிப்போட வீறிட்டாள். கரையில் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் எழுந்து துண்டை உதறினார்.

"வேடிக்கையில சத்தமில்லய்யா. உம்மகிட்டத்தான் சத்தம். நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

கருப்பம்மாள் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மொக்கைச்சாமி அவளைப் பார்த்தார். அழுகிற பிள்ளையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஒரு பக்கத்தைச் சுருட்டி வாய்க்குள் திணித்தார். மிச்சத்தைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்மண்டையில் முடிந்தார். மறுபடி கோயில் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினார். நெஞ்சு புடைத்தது. தோள் இரண்டும் ஒரு தரம் குலுங்கின. ஒன்றும் கேட்கவில்லை. உத்தரவு கிடைத்திருக்க வேண்டும். குனிந்து திரியில் நெருப்பு வைத்தார்.

சக்கரம் பச்சையாகச் சுற்றி, சிவந்து, வெள்ளையாகக் கொட்டியது. அடுத்த மூங்கில் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்தது, பூ பூவாக. கரையில் பேச்சு நின்றுபோனது. மாடுகள் அசை போட ஆரம்பித்தன. என் பேத்தி ஈரக் கண்ணோடு கொஞ்ச நேரம் வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கிவிட்டாள். கிளம்ப எழுந்த அண்ணாச்சி நின்றபடியே கடைசி மூங்கில் வரை பார்த்தார்.

புகை கலைந்ததும் பைக்குள்ளிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார். ஆர்டர் கொடுத்தால் அவர் அப்படித்தான் கொடுப்பார்.

"ஆடி பொறந்ததும் போட் மெயில் ரயிலு ஏறும். தனுஷ்கோடியில கப்பலேத்த நம்ம ஆளு நிப்பான்."

மொக்கைச்சாமி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

"துண்ட அவுத்துட்டு அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்று துண்டைத் தொட்டுச் சாடை காட்டினாள் கருப்பம்மாள்.

அவர் நெஞ்சு மறுபடி புடைக்க ஆரம்பித்தது. என் தோளில் தூங்குகிற பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய், முடிச்சை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கிக்கொண்டார்.