அடிபடாத வண்டி

ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் மணிவேல் இப்போதெல்லாம் யாருடைய வண்டியையும் பார்த்துச் சொல்வதில்லை. கூப்பிட்டால், கண்ணு முன்ன மாதிரி இல்லைங்க என்று நழுவிவிடுவான். கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. கம்பெனியில் இன்றைக்கும் அவன்தான் எல்லாவற்றையும் பார்த்து எடுக்கிறான். பழைய கார் என்ற பேச்சை எடுத்தாலே அவன் முகம் ஏன் சுண்டிப் போகிறது என்பதற்கு 2009-ஆம் வருஷத்து மாங்காய் சீசனில் நடந்த ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அதை அவன் வாயால் சொல்லமாட்டான். நான் சொல்கிறேன்.

மணிவேல் காவேரிப்பட்டினத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு வந்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தவன். சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்து அனுப்பும் உதிரிபாகங்களைச் சோதித்து எடுப்பது அவன் வேலை. அவன் பச்சைச் சீட்டு ஒட்டினால் சரக்கு உள்ளே போகும். சிவப்புச் சீட்டு ஒட்டினால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். அதனால் பட்டறை முதலாளிகள், அவனைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட, அவனைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். பதினேழு வருஷம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது.

அந்த வேலையில் இன்னொரு பழக்கமும் உண்டு. பட்டறைக்காரர் யாராவது விலையை ஏற்றிக் கேட்டால், பர்ச்சேஸ் மேனேஜர் வந்து மணிவேலின் காதைக் கடிப்பார். "இந்த லாட்டு சரக்கக் கொஞ்சம் கவனிச்சுப் பாருப்பா." ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடி என்பதுதான் அதற்கு அர்த்தம். மணிவேல் கண்டுபிடிப்பான். குறையே இல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பான். பட்டறைக்காரர் விலைப் பேச்சை விட்டுவிட்டு, சரக்கை எடுத்துக்கொண்டால் போதும் சார் என்று கையைப் பிசைவார். இதில் தப்பு இருப்பதாக மணிவேலுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கம்பெனி சொல்கிறது, செய்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமையானால் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவனையும் கூட்டிக்கொண்டு போவார்கள். பானெட், கதவு, டிக்கி என்று விரலால் தடவிக்கொண்டே வருவான். எங்கே நசுங்கலை டிங்கரிங் செய்து பட்டி பூசிப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறது என்று நின்ற இடத்தில் சொல்லிவிடுவான். கூலி வாங்கமாட்டான், மட்டன் பிரியாணி மட்டும் சாப்பிடுவான். ஊரார் காரையெல்லாம் தடவிப் பார்த்தவனுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு பைக்.

அந்த வருஷம் கார் வாங்குவது என்று வீட்டில் முடிவானது. எந்தக் கார் என்பதில்தான் தகராறு. புதிதாக ஒரு சின்னக் கார் போதும் என்றாள் அவன் மனைவி சுகுணா. மணிவேலின் மனசெல்லாம் வேறொரு வண்டியில் இருந்தது. கம்பெனி ஜி.எம். வருகிற அதே மாடல், ஜீப் மாதிரி உயரம், கார் மாதிரி சொகுசு, தோல் சீட்டு. புதிதாக வாங்க ஏழு ஜென்மம் வேண்டும். ஆனால் ஐந்து வருஷம் ஓடிய வண்டி ஒன்று வேப்பனப்பள்ளிப் பக்கம் விலைக்கு வருகிறது என்று கேன்டீனில் காதில் விழுந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பெட்ரோல் ஊத்தியே சொத்து அழிஞ்சிடும். நாம ரெண்டு பேரும் புள்ளையும் போறதுக்கு அம்மாம் பெரிய வண்டி என்னாத்துக்கு?" என்றாள் சுகுணா.

"பார்த்துட்டு மட்டும் வரலாம் வா" என்றான்.

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். மாந்தோப்பை ஒட்டிய வீடு. வீட்டுக்காரர் மாங்காய் வியாபாரம் பார்த்தவர், போன வருஷம் தவறிவிட்டார். அவர் மனைவி வெங்கடம்மாளுக்கு அந்த வண்டியை வாசலில் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது. அதனால்தான் விற்கிறாள். வண்டிக்குப் பக்கத்தில் டிரைவர் ராமப்பன் நின்றுகொண்டிருந்தான். அது வந்த நாளிலிருந்து ஓட்டுகிறவன் அவன்தான்.

மணிவேல் தடவினான். ஒரு முறை சுற்றி வந்தான், மறுமுறை குனிந்து வந்தான். ஒன்றுமில்லை. கம்பெனியிலிருந்து வந்தபோது அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது. கதவு ஓரங்களில்கூட ஒரு கீறல் கிடையாது. இப்படிப்பட்ட வண்டியை அவன் பதினேழு வருஷத்தில் பார்த்ததில்லை. வெங்கடம்மாள் ஐந்தரை லட்சம் என்றாள். அதுவும் நியாயமான விலைதான். பேசாமல் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வண்டியின் பின்பக்கம் இடது மூலையில் மணிவேலின் கை நின்றது. ஒன்றும் பேசாமல் அதே இடத்தை மூன்று தடவை தடவினான். விரல் கணுவால் தட்டிக் காது கொடுத்தான். பட்டறைக்காரர்களுக்கு முன்னால் செய்து செய்து பழகியது, தானாக வந்தது.

"இது அடிபட்ட வண்டிங்கம்மா. பின்னாடி நல்லா வாங்கியிருக்குது. உள்ள தகடு நெளிஞ்சு, எடுத்துக் கட்டியிருக்காங்க. வேலை சுத்தமா பண்ணதால வெளிய தெரியல."

"சார், ஒரு கீறல்கூட பட்டதில்லைங்க சார்" என்றான் ராமப்பன்.

"உனக்குத் தெரியுமா, என் கைக்குத் தெரியுமா?" என்றான் மணிவேல் சிரித்துக்கொண்டே.

வெங்கடம்மாள் மணிவேலைப் பார்க்கவில்லை. ராமப்பனைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம். பிறகு தெலுங்கில் ஏதோ கேட்டாள். அவன் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். கடைசியில் அறுபதாயிரம் குறைத்துக்கொள்வதாக அவளே சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருவதாகப் பேச்சு முடிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் சுகுணா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நெஜமாவே அடிபட்ட வண்டியா? அப்பறம் என்னாத்துக்கு வாங்கறீங்க?"

"அடியாவது ஒன்னாவது. பேரம்னா நாலு பொய் சொல்லத்தான் வேணும்."

"அடப்பாவி" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அறுபதாயிரத்துக்கு என்னென்ன செய்யலாம் என்று கிருஷ்ணகிரி வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பணப்பையை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். வண்டி வாசலில் தூசியோடு நின்றது. கண்ணாடியில் மாவிலை ஒட்டிக் காய்ந்து கிடந்தது. ராமப்பனைக் காணோம்.

வெங்கடம்மாள் மோர் கொடுத்து உட்காரச் சொன்னாள். முகம் வீங்கியிருந்தது.

"நீங்க கண்டுபுடிச்சுச் சொன்னது நல்லதாப் போச்சு சார். இல்லேன்னா எனக்குச் சாகற வரைக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

மணிவேலுக்குப் புரியவில்லை.

"ஒரு நாளு சித்தூர் மார்க்கெட்டுக்குப் போயிட்டு எங்க வூட்டுக்காரரும் ராமப்பனும் ரொம்ப லேட்டா வந்தாங்க. கேட்டதுக்கு, வழியில டிராபிக்னு சொன்னாரு. மறுநாள்லேர்ந்து கழுத்து வலி. தைலம் தேய்ச்சுக்கினே இருந்தாரு. ஆறு மாசத்துல போயிட்டாரு. டாக்டரு பிரஷர்னாரு, நானும் நம்பிக்கினு இருந்தன். அன்னிக்கி வண்டி இடிச்சிருக்குது சார். அவன் பொழப்பு போயிடும்னு பாவம் பார்த்து இவரும் எங்கிட்ட மறைச்சிட்டாரு. அப்பவே சொல்லியிருந்தா பெங்களூருக்கு இட்டுக்கினு போயி ஸ்கேன் எடுத்துக் காப்பாத்தியிருப்பன்."

"ராமப்பன் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் சுகுணா.

"என்னா சொல்லுவான்? கோயில்ல சூடம் அணைக்கறங்கறான். வாசல்ல நிக்காத போடான்னு தொரத்திட்டன். என் புருசனக் கொன்னவன்டா நீன்னு ஊரு பூரா கேக்கறாப்புல சொன்னன். எங்கையால சோறு வாங்கித் தின்னவன்தான, எப்படி மனசு வந்துச்சு அவனுக்கு?"

மணிவேலின் கையில் மோர் டம்ளர் அப்படியே இருந்தது. கீழே வைத்தான். வண்டிச் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள் வெங்கடம்மாள். இதை எடுத்துக்கொண்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். அப்படி நினைத்தது அவனுக்கே தெரிந்தது. உடம்பு கூசியது. பக்கத்தில் சுகுணா தரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள், மெதுவாக.

அப்போதும் அவனுக்கு முழு உண்மை வாயில் வரவில்லை. "அம்மா, ஒருவேள நான் பார்த்தது தப்பாக்கூட இருக்கலாம். சில நேரம் தடவறப்ப அப்படி ஒரு மாதிரி..." என்று இழுத்தான்.

"அவனுக்காக இரக்கப்பட்டுச் சொல்றீங்க."

"இல்லம்மா. தப்பாயிருக்கும்."

வெங்கடம்மாள் அவனை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வியாபாரியின் வீட்டில் முப்பது வருஷம் இருந்தவள். "தப்பாயிருக்கும்னா, அன்னிக்கி நான் அறுபதாயிரம் கொறைச்சப்ப ஏன் சொல்லல?" என்றாள்.

அதற்கு மேல் மறைக்க இடமில்லை. "பொய் சொன்னங்கம்மா. வண்டியில ஒன்னுமே இல்ல. வெலை கொறைக்கறதுக்காக நானா சொன்னது" என்றான் மணிவேல். சொல்லும்போது தலையைத் தூக்க முடியவில்லை. சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன பட்டறைக்காரர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் எந்தத் தொழிலாளியை என்ன கேட்டார்களோ, யாரை வேலையை விட்டு அனுப்பினார்களோ. பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட இதை யோசித்ததில்லையே என்று நினைத்தபோது அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெங்கடம்மாள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அவன என்னென்ன கேட்டுட்டன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"வண்டிய யாருக்குக் குடுக்கறதுன்னு நான் பார்த்துக்கறன். நீங்க மொதல்ல அவன் வீட்டுக்குப் போயி இதச் சொல்லுங்க. என்னால இப்ப அவன் மூஞ்சியில முழிக்க முடியாது. நீங்க சொல்லிட்டு வாங்க, அப்பறம் நான் போறன்."

ராமப்பனின் வீடு தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. போகும் வழியில் சுகுணா ஏதாவது பேசுவாளா என்று மணிவேல் அவளைப் பார்த்தான். பாதி தூரம் போனபிறகு, "பஸ்ஸுல நானும் சிரிச்சன்ல" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளையும் இதில் இழுத்துவிட்டோம் என்பது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ராமப்பன் வீட்டு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தான். மணிவேலைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். அந்த மரியாதையைப் பார்க்க மணிவேலுக்குச் சகிக்கவில்லை.

"வாங்க சார். உங்ககிட்டதான் ஒன்னு கேக்கணும்னு இருந்தன்" என்றான் ராமப்பன். "அந்த அடி எத்தினி நாளு முன்னாடி பட்டதுன்னு உங்க கைக்குத் தெரியுமா சார்? ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. எங்க இடிச்சன், எப்ப இடிச்சன்னு யோசிச்சிக்கினே இருக்கறன். பெங்களூர்ல நிறுத்திட்டு டீ குடிக்கப் போனப்ப எவனாச்சும் இடிச்சிட்டுப் போயி, ஐயா உள்ள உக்காந்திருந்து, எனக்குச் சொல்லாம விட்டுட்டாரோ என்னவோ. அப்படி ஏதாச்சும் இருந்தா என் தப்புதான் சார். நான் வண்டிய வுட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

கீறல்கூடப் படாமல் ஐந்து வருஷம் வண்டி ஓட்டிய ஒரு மனிதனை, இல்லாத தப்பைத் தேடி அலைய வைத்திருக்கிறான் மணிவேல். அவன் வாழ்க்கையில் யார் காலிலும் விழுந்ததில்லை. இப்போது விழுந்தால்கூட தேவலை என்று இருந்தது.

"எங்கயும் இடிக்கலண்ணே" என்றான். ராமப்பன் அவனைவிட மூத்தவன் என்பதே அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. "வண்டியில ஒன்னுமே இல்ல. காசு கொறைக்கறதுக்காக நான் பொய் சொன்னன். அம்மாகிட்டயும் சொல்லிட்டன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்ன மன்னிச்சிடுங்க."

ராமப்பன் கோபப்படவில்லை. புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது அவனுக்கு. பிளந்து கிடந்த விறகின் மேல் உட்கார்ந்தான். உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒன்னுமே இல்லியா?" என்று கேட்டான்.

"ஒன்னுமே இல்லண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமா."

ராமப்பன் எழுந்தான். வீட்டுப் பக்கம் திரும்பி, "கெம்பம்மா" என்று கூப்பிட்டான். உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

"எம் பொண்டாட்டி சார்" என்றான். "நான் இடிக்கலன்னு எத்தினி தடவ சொல்லியும் கேக்கல. அவ்வளவு பெரிய கம்பெனி ஆளு பொய் சொல்லுவாரான்னு கேக்கறா. ஒரு வாரமா எங்கிட்ட பேச்சே இல்ல. அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க."

கையில் ஒட்டிய மாவோடு கெம்பம்மா வாசலுக்கு வந்தாள். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அவசரமாகப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டாள்.