அறுந்த கம்பியும் அண்ணன் சுமந்த பழியும்

எங்கள் குடும்பத்துக்கு மூத்தவரும் எனக்குத் தகப்பனைப் போல இருந்தவருமான அண்ணன், இந்த 1991 ஆடி மாதம் மாரடைப்பில் காலமானார். காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஊரில். அப்பா போனபோது அவருக்குப் பதினாறு வயது. கீழே நாங்கள் மூன்று பேர். மின்கோபுரத்துக்குப் பள்ளம் தோண்டும் கூலியாகப் போனவர், சில வருடங்களில் நிரந்தர வேலையாகி லைன்மேன் ஆனார். ஒரகடத்திலிருந்து மறைமலை நகர் பக்கம் போகும் லைனில், வயலும் முள்ளும் பார்க்காமல் நடந்து, ஒவ்வொரு கோபுரத்தையும் பைனாகுலரில் பார்த்துக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. மழைக்காலத்தில் அவர் வீடு திரும்பும்வரை நான் வாசலிலேயே நிற்பேன். “நீ பயப்படறதப் பாத்தா இடியே திரும்பிப் போயிடும்மா” என்பார்.

கோபுரத்தின் உச்சியில் ஒற்றையாக ஒரு கம்பி போகும். எர்த் கம்பி என்பார்கள். அதில் கரண்ட் ஓடாது. இடி விழுந்தால் அதைத் தானே வாங்கித் தரைக்கு இறக்கிவிடும். கரண்ட் ஓடாத கம்பி என்பதால் அதைக் கவனிக்க யாருக்கும் அவசரம் இல்லை. செங்கல் சூளைப் புகை படும் இடங்களில் அது சீக்கிரம் கெடும் என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். ஒருநாள் அந்தக் கம்பியின் பழைய இழை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வளைத்தார். காய்ந்த சுள்ளிபோல ஒடிந்தது.

“கீழேர்ந்து பாத்தா வெள்ளையாத்தான் தெரியும். கிளாம்ப் புடிச்சிகினு கீற எடத்துலதான் உள்ளுக்குள்ள துரு தின்னும். ஏறி, கழட்டிப் பாக்கணும். அறுந்தா நேரா கரண்ட் கம்பி மேலதான் வுழும்.”

மூன்று வருடம் முன்பு, செங்கல் சூளை ஓரத்துக் கோபுரம் ஒன்றில் அப்படி ஏறிப் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனிகளுக்குக் கரண்டை நிறுத்த வேண்டும் என்பதால் பல மாதம் இழுத்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்திருந்தது. ஏற வேண்டாம் என்று அண்ணியும் நானும் கெஞ்சினோம். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் நான் அவருடைய அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நெஞ்சுவலியைச் சொல்லி அழுதேன். அவர் நல்ல மனிதர். அண்ணனைக் கீழே நிறுத்திவிட்டு வேறொருவரை ஏற்றினார். புது ஆள். கிளாம்பைக் கழற்றாமல் கம்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டார். கழட்டிப் பார்த்தாயா என்று அண்ணன் கேட்பதற்குள் கரண்ட் விடும் நேரமாகிவிட்டது.

ஐப்பசி மழையில் இடி விழுந்து அதே இடத்தில் கம்பி அறுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. இரண்டு நாள் கம்பெனிகள் நின்றன. அந்த லைன் அண்ணன் பொறுப்பு, பார்த்ததாகத் தாளில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான் என்பதால் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. “நடக்காம வூட்ல குந்திகினே எழுதிட்டான்” என்று ஊரில் பேசினார்கள். நம் சொந்தத்திலும் பேசினார்கள். அண்ணன் யார் பெயரையும் எழுதவில்லை. என் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார். வரவேண்டிய பதவி உயர்வு அதோடு நின்றது.

அப்படி எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டார்.

“நீதான போய் சொன்ன?”

“ஆமாண்ணா.”

“சரி, சாப்பாடு போடு.”

அதற்குப்பின் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நடந்ததை ஊருக்கும் சொந்தத்துக்கும் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வருடம் போய்விட்டது. மறைத்துக் களைத்துப்போய் இப்போது எழுதுகிறேன்.

கடைசி நாட்களில் மூச்சு வாங்கியதால் சாய்ந்தபடியேதான் தூங்கினார். இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிப்போன எங்கள் தெரு ஏகாம்பரம் அண்ணனுக்கும், லீவு போட்டு வந்து நின்ற அவருடைய கூட்டாளிகளுக்கும், பந்தல் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். ஒரு எழுத்தும் எடுக்க வேண்டாம் என்றார்.

அண்ணன் சரியாகத்தான் பார்த்திருந்தார். இனி அந்தக் கம்பியைப் பற்றி எங்கேயாவது பேச்சு வந்தால், அவர் பெயரைச் சொல்லாதீர்கள். என் பெயரைச் சொல்லுங்கள்.