கடித்த ரப்பர்

கணினித் திரையில் அழிப்பதற்கான ரப்பர் பொத்தானுக்கு ஜெரோஷ் போடும் படம் எப்போதும் ஒன்றுதான்: ஒரு மூலையில் பல் பட்டுக் குழிந்த ரப்பர். பென்சில், கோடு, வட்டம், வண்ணம் ஊற்றும் வாளி ஆகியவற்றுக்கு இணையத்தில் கிடைப்பதை எடுத்து ஒட்டிவிடுவான். ரப்பரை மட்டும் தானே வரைவான். முடித்ததும் நாக்கைக் கன்னத்துக்குள் உருட்டிக்கொண்டு அதையே பார்ப்பான். "ரப்பர்னா கடிச்சிருக்கணும்க்கா. புதுசா இருந்தா யார் நம்புவா?"

என் தம்பிக்கு முப்பத்து மூன்று வயது. புனேயில், போபோடியில் மிக்ஸி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, இன்ஜினியரிங் கடைசி வருட மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் செய்து விற்கும் ஓர் அறையில் வேலை. கணினியில் படம் வரையும் மென்பொருள்தான் அங்கே அதிகம் போகும் சரக்கு. ஜன்னல், பொத்தான், வண்ணப்பட்டை எல்லாம் தயாராகக் கிடைக்கும். அவற்றைக் கோத்து வேலை செய்ய வைப்பவன் இவன். மேலே போடும் பெயர் மாணவனுடையது. அப்பா படுக்கையில் விழுந்தபோது இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டவன், எத்தனையோ பேரைப் பட்டதாரியாக்கியிருக்கிறான்.

மாணவர்கள் அவனை 'தாதா' என்பார்கள். மராத்தியில் அண்ணன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முன் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தேர்வாளர் மாதிரியே தொண்டையைச் செருமிக் கேட்பான்: "ஜன்னலைச் சின்னதாக்கித் திரும்பத் திறந்தா, வரைஞ்ச படம் ஏன் அழியலை?" திரையில் வரைவதை உள்ளே தனியாகவும் ஒரு பிரதி வைத்திருக்கிறோம், திறக்கும்போது அதிலிருந்து மறுபடி வரைகிறோம் என்பது பதில். "இது ஒண்ணு தெரிஞ்சா பாஸ்தான், போ."

சென்ற மாதம் கராடியில் ஒரு கம்பெனி, பட்டம் தேவையில்லை, சொந்தமாகச் செய்த ஒன்றைக் காட்டினால் போதும் என்று அழைத்தது. அப்படி ஓர் அழைப்பு அவனுக்கு வந்ததே இல்லை. சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். செய்ததிலேயே சிறந்த மென்பொருளை எடுத்துக்கொண்டான். பல மாணவர்களுக்கு விற்றதுதான். "செஞ்சது நாந்தானேக்கா" என்றான்.

நேர்காணலில் நடுவில் இருந்தவர் நிர்மல். கோயம்புத்தூர்க்காரர், புனேயில் படித்தவர். திரையைக் கண்டதும் ரப்பர் மேல் விரல் வைத்தாராம். "இது நான் காலேஜ்ல பண்ணின ப்ராஜெக்டுங்க. ரப்பர் வரைக்கும் அப்படியே எடுத்திருக்கீங்க." பிறகு, ஜன்னலைச் சின்னதாக்கினால் படம் ஏன் அழியவில்லை என்று கேட்டிருக்கிறார். இவன் சொன்னான். "காப்பி அடிச்சாலும் நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க." பக்கத்திலிருந்த இருவரும் சிரித்தார்கள்.

அவன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கத்திவிட்டேன். "நாந்தான் உனக்குச் செஞ்சு குடுத்தேன்னு அவர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானேடா?"

"சொன்னா அவர் வேலை போயிரும்க்கா. அவருக்கு என்னைய ஞாபகம் இருக்கு. கடைசி வரைக்கும் என் மூஞ்சிய நிமிர்ந்து பாக்கலை."

"அப்போ உன் வேலை?"

"அது எங்க இருந்துச்சு, போறதுக்கு?"

மறுநாள் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போனேன். லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பிலிருந்து வரும் அகல்யா என்ற மாணவி அவன் நாற்காலியில் இருந்தாள். ஜெரோஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு எதிரே நின்று, திரையைக் காட்டினான்.

"இதை யார் பண்ணினது?"

"நான்... நான் பண்ணினது, தாதா." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அரே, சிரிக்காத. தாதாவும் வேண்டாம். கண்ணைப் பாத்துச் சொல்லு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதை நான்தான் பண்ணினேன்."

ஜெரோஷ் தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு முறை என்று விரலை உயர்த்தினான்.