மாமனார் ரூம் ஏசியும் மடி வேஷ்டியும்

இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனார் ரூம் ஏசியைத் திறந்தேன்... அப்படியே மூடிவிட்டு மாஸ்க் தேடப் போனேன்!

நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்ப்பவள். பில்டிங் முழுக்கக் குளிர்காற்று அனுப்பும் ராட்சச மெஷின்களைக் கழுவிச் சுத்தமாக வைப்பதுதான் என் வேலை. (பி.இ. படித்துவிட்டுக் கழுவுகிற வேலைதான். சிரிக்காதீர்கள்!)

வீடு திருப்பதியில். வீட்டில் ஒரு கைக்குழந்தை. மாமனார் கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் இருப்பவர். அவர் குரலுக்கு எங்கள் தெருவே அடிமை.

ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து அந்தக் குரல் போய்விட்டது. வறட்டு இருமல், காலையில் மூக்கடைப்பு. கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துவிட்டு வருகிறார் என்று தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மார்கழி வேறு நெருங்குகிறது. அவர் வருஷம் முழுக்கக் காத்திருக்கும் மாதம்!

டாக்டர் பார்த்துவிட்டு, "நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா, அலர்ஜிதான். அவர் படுக்கிற ரூமை ஒரு தடவை பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஃபில்டர் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். உள்ளே காற்றைத் தள்ளும் உருளை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். தண்ணீர் வடியும் தட்டில் வழவழவென்று... (டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்!)

பூசணம்!

கோடையில்தானே கழுவினேன், இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது?

திரும்பிப் பார்த்தால், ஏசிக்கு எதிரே உயரத்தில் ஒரு கொடி. அதில் சொட்டச் சொட்ட மடி வேஷ்டி. (தெரியாதவர்களுக்கு: மடி வேஷ்டியை நனைத்து உலர்த்தினால், அவர் கட்டிக்கொள்ளும்வரை வேறு யார் கையும் படக்கூடாது. அதனால்தான் எட்டாத உயரத்தில் கொடி, எடுக்க ஒரு கோல்.)

உள்ளே வந்த மாமனாரிடம் கேட்டேன். "என்னப்பா இது, மடியை ஏன் இங்க உலர்த்தறேள்?"

"மழைம்மா. வெளியில காயமாட்டேங்கறது. ஏசி காத்துல காஞ்சுடறது."

"மழைன்னா ஹால்லதானே உலர்த்துவேள்?"

அவர் கோலை எடுத்துக் கொடியில் வேஷ்டியைச் சரிசெய்தார்.

"இந்த ஈரம்தாம்பா ஏசிக்குள்ள போயி பூசணமா ஆயிருக்கு. கதவைச் சாத்திண்டு அதைத்தான் மூச்சா இழுக்கறேள். திரும்ப ஹாலுக்கே மாத்திடுங்கோ."

"பர்வாலேதும்மா. குரல்தானே." (திருப்பதித் தெலுங்கில் 'பரவாயில்லை'!)

குரல்தானேவா! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்குப்பா!"

அவர் வேஷ்டி நுனியைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"ஹால்ல கொழந்தையோட தூளி இருக்கேம்மா. விடிகாலம்பற நான் கோலை வெச்சுண்டு கொடியில துழாவினா டக்கு டக்குனு சத்தம். ரெண்டு நாள் கொழந்தை முழிச்சுண்டுடுத்து. நீ செகண்ட் ஷிப்ட் முடிச்சு வந்து, பக்கத்துலயே பாயைப் போட்டுண்டு அப்பதான் கண்ணசந்திருப்பே. உனக்குத் தூக்கம் வேணுமோல்லியோ?"

பிடிவாதம் என்று நினைத்தேன். என் தூக்கத்துக்காக மனுஷர் தன் குரலையே விட்டுக்கொடுத்திருக்கிறார்!

குழந்தையை அவரிடம் கொடுத்து வாசல் பக்கம் அனுப்பினேன். ஏசியைச் சுற்றி பிளாஸ்டிக் கவர் கட்டி, ஃபில்டர், குளிரூட்டும் காயில், அந்த உருளை எல்லாவற்றையும் கழுவினேன். தட்டைத் தேய்த்து, அடைத்திருந்த டிரெயின் பைப்பிலும் தண்ணீர் விட்டேன். கடைசியில் வெறும் ஃபேனை ஓடவிட்டு உள்ளே காயவைத்தேன். (இதைச் செய்யாவிட்டால் பூசணம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வீட்டிலும் பாருங்கள்!)

பிறகு தூளியை எங்கள் ரூமுக்கு மாற்றினேன். கொடி பழையபடி ஹாலுக்குப் போனது. இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது.

இன்று விடியற்காலை ஹாலில் டக்கு டக்கு. கொஞ்ச நேரத்தில் பாசுரம். முதல் வரி கரகரத்தது. இரண்டாவது வரியில் குரல் எழும்பியது பாருங்கள், அதே பழைய குரல்!

குழந்தை முழித்துக்கொண்டு சிணுங்கினாள். ஹாலில் சட்டென்று சத்தம் நின்றது.

"நிறுத்தாதேங்கோப்பா!" படுத்த இடத்திலிருந்தே கத்தினேன். "நாங்க ரெண்டு பேரும் கேட்டுண்டிருக்கோம்!"