படம் முடியக் கழுவுகிற பவுடர்

அன்றைக்கு என் மகள் கேட்டதை ஆமோதித்து நான் ஏன் "ஓம்" என்றேன்? ஐந்து மாதமாகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் நாங்கள் ஹிந்திப் படம் பார்ப்போம். தமிழில் குரல் கொடுத்த, அழவைக்கிற குடும்பப் படங்கள். இந்த இத்தாலிய நகரத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே பல்லரோ சந்தை இரைந்துகொண்டிருக்கும். சன்னலைச் சாத்தினால்தான் வசனம் கேட்கும். அந்தப் படங்களில் முப்பது வயது நடிகர் வெள்ளைத் தலையோடு அப்பாவாக வருவார். இருமுவார், நெஞ்சைப் பிடிப்பார். கழுத்தில் ஒரு சுருக்கமும் இராது. நான் வேலை செய்யும் வீட்டில் வயதான இத்தாலியப் பெண்மணி ஒருவரைப் பராமரிக்கிறேன்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். எழும்புவதற்கு முன் அவர் கையை எங்கே ஊன்றலாம் என்று தேடுவார். நடிகர் தேடமாட்டார். சட்டென்று எழும்பிவிட்டு, பிறகு ஞாபகம் வந்தவர்போல் இடுப்பைப் பிடிப்பார்.

"இவருக்கு என்ர வயசும் இராது," என்றார் கணவர். "தலைமயிரைப் பாரன். எனக்கு இதில அரைவாசியும் இல்லை."

"உங்களைக் கூப்பிட்டிருந்தா மேக்கப்பும் தேவைப்பட்டிராது."

அந்த அப்பா பிள்ளைகளின் வழியைப் பார்த்திருந்தே செத்துப்போனார். ஐந்து வயது மகள் விக்கி விக்கி அழுதாள். நான் பயந்துபோனேன். இதையெல்லாம் அவளுக்குக் காட்டியது என் பிழைதான்.

"அழாதேங்கோ செல்லம். அவர் சாகேல்லை. அவர் இளம் ஆள், பவுடர் பூசி விட்டிருக்கினம். படம் முடியக் கழுவிப்போட்டு வீட்டை போயிடுவார்."

"வேரோ? உண்மையாவோ?"

"உண்மையா."

மூன்று கிழமை கழித்து மன்னாரில் என் அப்பா இறந்தார். எனக்கு எட்டாம் மாதம். விமானத்தில் ஏறக்கூடாது என்று மருத்துவர் மறித்துவிட்டார். போக முடியாத எல்லோரும் இங்கே செய்வதுபோல் நாங்களும் அடக்கத்தைக் கைபேசியில் பார்த்தோம். அதை மேசையில் இருந்த சீனிப்பேணியில் சாய்த்து வைத்து, வெள்ளை உடுத்து, அங்கே எழும்பியபோது எழும்பி, முழந்தாளிட்டபோது முழந்தாளிட்டோம். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கலாம். பேத்தி நிற்பதுதான் முறை என்று நினைத்தேன்.

அடக்கத்துக்கு உடலை ஒழுங்கு செய்கிற மலர்ச்சாலைக்காரர் அப்பாவின் முகத்தில் பவுடரை அதிகமாகப் பூசியிருந்தார்கள். காதோரத்தில் மட்டும் அவருடைய சொந்த நிறம் தெரிந்தது. மகள் திரையில் விரலை வைத்தாள்.

"அம்மா, அம்மப்பாவுக்கும் பவுடர். முடியக் கழுவிவிடுவினம், என்ன?"

"ஓம்," என்றேன்.

அவள் விளையாடப் போய்விட்டாள். "பிறகு ஆறுதலாச் சொல்லுவம்," என்றார் கணவர். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

கடைசியாக வீடியோவில் கதைத்தபோது, கதிரையிலிருந்து எழும்ப முன் அப்பா கையூன்ற இடம் தேடினார். நான் கண்டேன். சிஞ்ஞோராவிடம் தினமும் காண்பதுதான். ஆனாலும் ஒன்றும் கேட்காமல் அழைப்பை முடித்தேன். அந்த "ஓம்" பிள்ளைக்காகச் சொன்னதா, எனக்காகவா என்று சில நேரம் யோசிக்கிறேன்.

மகன் பிறந்துவிட்டான். வருகிற மாதம் மன்னாருக்குப் போகிறோம். நேற்றுச் சூட்கேசைத் திறந்தால், மடித்து வைத்த உடுப்புகளுக்கு மேல் ஒரு புதுச் சவர்க்காரமும் மகளின் சின்னத் துவாயும் இருந்தன.

"இது ஆருக்கு?"

"அம்மப்பாவுக்கு. அங்கை ஒருத்தரும் கழுவிவிடேல்லைப் போல. அதுதான் அவர் கோல் எடுக்கிறேல்லை."

நான் சூட்கேசை மூடிவிட்டேன். சவர்க்காரத்தை வெளியே எடுக்கவும் இல்லை.

இதை வாசிப்பவர்களிடம் கேட்கிறேன். புறப்பட முன் இங்கேயே சொல்வதா, கல்லறையில் வைத்துச் சொல்வதா? அவர் இறந்ததை முதலில் சொல்வதா, அம்மா பொய் சொன்னதையா? சிறு பிள்ளையிடம் இப்படி ஒன்றைச் சொல்லவேண்டி வந்தவர்கள் இருந்தால், எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.