சிவப்பு விளக்கில் நின்ற எக்ஸ்பிரஸ்

ஒருவர் எப்போதும் அவசரப்படுவது சுபாவமா, பயமா? நான் தினமும் போகும் பேருந்தின் ஓட்டுநரான பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். ஓடி வருகிறவர்களுக்காக அவர் ஒருநாளும் வண்டியை நிறுத்தியதில்லை. பயணிகள் வைத்த பெயர் 'எக்ஸ்பிரஸ்'. நல்ல பெயர் என்று சொல்ல மாட்டேன், பொருத்தமான பெயர்.

ஒருநாள் அவருக்கு, சீட் பெல்ட் அழுத்தும் இடத்தில், வலது மார்பில், ஒரு கட்டி தட்டுப்பட்டது. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்த சோதனையில் புற்றுநோய் செல்கள் தெரிந்தன. மார்பை அகற்ற, அறுவை மருத்துவர் திங்கட்கிழமையைக் குறித்தார். "நாளைக்கே முடியாதா டாக்டர்?" என்றுதான் கேட்டார் எக்ஸ்பிரஸ்.

அதற்கு முன் ஒரு ஸ்கேன் பாக்கியிருந்தது. ஸ்கேன் மருத்துவர் கட்டியைப் பார்த்துவிட்டு வலது அக்குளைப் பார்த்தார். இடது அக்குளையும் பார்த்தார். இரண்டிலும் நெறி கட்டியிருந்தது. பிறகு, முன்பே எடுத்திருந்த மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் படத்தை மறுபடி பார்த்தார். கட்டி பெரியதுதான், ஆனால் ஓரம் வழவழப்பாக இருந்தது, மார்பகப் புற்றில் பல நேரம் தெரியும் வெள்ளைப் பொடி போன்ற புள்ளிகள் உள்ளே இல்லை.

"இது வழக்கமான மார்பகப் புற்று மாதிரி தெரியலைங்க. லிம்போமா, அதாவது நெறியில வர்ற புற்றா இருக்கலாம். அப்படின்னா மருந்துலயே கரையும், மார்பை எடுக்க வேண்டாம். எந்தப் புற்றுன்னு உறுதியாத் தெரிய, தடிமனான ஊசியால சதை எடுத்துப் பார்க்கணும். முடிவு வர ஒரு வாரம் ஆகும்."

"லிம்போமா இல்லேன்னா?"

"ஆபரேஷன்தான். ஒரு வாரத்துல எதுவும் கைமீறிப் போகாது."

கூட வந்திருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஸ்டாப்புல ஒரு நிமிஷம் நிக்க மாட்டா, இவளா ஒரு வாரம் நிப்பா? எடுத்துப் போட்டுட்டு வேலையைப் பாருடி!"

எக்ஸ்பிரஸ் மருத்துவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றது சிவப்பு விளக்கா, இல்ல பின்னாடி வர்றவன் அடிக்கிற ஹாரனா?"

மருத்துவர் சிரிக்கவில்லை. "சிவப்பு."

"அப்போ நிக்கிறேன். சிவப்புல போனேன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லைக்கா."

அந்த வாரம் வீட்டு மின்விசிறியை அவர் திரும்பத் திரும்பக் கழற்றித் துடைத்தார். "ஃபேன் பாவம்டி, விட்டுடு" என்றார் அக்கா.

முடிவு வந்தது: லிம்போமா. தள்ளிவைத்திருந்த ஆபரேஷனை அறுவை மருத்துவரே ரத்துசெய்து, "நல்லவேளை நின்னீங்க" என்றார். ஆறு சுற்று மருந்து. முடி கொட்டியது, வாய் புண்ணானது, கட்டி கரைந்தது. கடைசி ஸ்கேனில், அது இருந்த இடத்தை மருத்துவரே தேட வேண்டியிருந்தது.

"எங்கடி போச்சு?" அக்கா திரையைப் பார்த்து அழுதார்.

"ஏதோ எக்ஸ்பிரஸ்ல ஏறிப் போயிருக்கும்."

இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறார். ஓடி வருகிறவர்களுக்கு இன்றும் நிறுத்துவதில்லை. மருத்துவமனை நிறுத்தத்தில் மட்டும், ஏற ஆளில்லாதபோதும், என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்கிறார். ஏனென்று நானும் ஒருமுறை கேட்டேன். வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தார், வண்டியை எடுத்தார்.